பம்பர்ல ஏன் துரு ஏறுது?

கேள்வி: எஸ்டேட் ரோட்டுல ஓட்டுற பழைய பிக்கப்புக்கு நானே தகடு வெட்டி, வெல்டிங் வச்சு பம்பர் செஞ்சேன் சார். ஒரு மழைக்காலம் கூட தாங்கல, பெயின்ட் உரியுது. ஏன்? – கோத்தகிரி வாசகர்

பதில்: புதுத் தகட்டு மேல கருநீலமா ஒரு படலம் இருக்கும், மில் ஸ்கேல்னு சொல்வாங்க, அதை எடுக்காம அடிச்சா பெயின்ட்டும் அதோட சேர்ந்தே பெயர்ந்துடும். கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் அடுக்கின சக்கரம்) போட்டு வெள்ளி மாதிரி ஆகுற வரை தேய்ங்க, வெல்டிங் கசடைத் தட்டி எடுங்க, தின்னர்ல துடைச்சு அன்னைக்கே துரு தடுக்குற அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடிச்சுடுங்க, நம்ம மூடுபனியில ஒரு ராத்திரி விட்டாலே துரு பூத்துடும். பெயின்ட்டுக்கு நல்ல வெயில் பகல்தான், ரெண்டு மெல்லிசு கோட். பம்பர்ல பெட்டி மாதிரி மூடுன பகுதிக்கு அடியில தண்ணி வடிய ஓட்டை போட்டீங்களா? நிறைய பேர் மறக்குறது இதைத்தான், துரு உள்ளேருந்தே தின்னுடும்.

இன்னொண்ணு, உங்க உழைப்பைப் பார்த்தா சொல்லவே மனசு வரல. நீங்க செஞ்சது மாதிரி வண்டி முன்னாடி கூடுதலா இரும்புத் தடுப்பு, அதாவது புல் பார், கிராஷ் கார்டு மாட்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானதுன்னு 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொல்லிடுச்சு, நடந்து போறவங்க மேல இடிச்சா அடி பலமா விழும். மேட்டுப்பாளையம் இறங்குறப்போ வண்டியோட வந்த பழைய பம்பரையே மாட்டிக்கோங்க.