பின்னால் நிற்பவன் – கடிதம்

வணக்கம் சார்,

கொஞ்ச நாள் முன்பு ஒரு கால்பந்துக் கட்டுரையில், "முன்னால் நின்று கோல் போட ஃபார்வர்டு ஆடுகிறவனை இருபது வயதில் எடைபோடலாம், பின்னால் நின்று தடுக்க பேக் ஆடுகிறவனை இருபத்து நான்கு வரை எடைபோடக் கூடாது" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததால்தான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகனுக்கு 19 வயது. சென்டர் பேக், அதாவது பின் வரிசையின் நடுவில் நின்று தடுக்கிறவன். போன வருடம் ஒரு தொழில்முறை கிளப்பில் ஒப்பந்தம் ஆனான். இந்த சீசனில் மொத்தம் இரண்டே ஆட்டம். இரண்டாவதில் கோல் கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்த பாஸில் வேகம் போதவில்லை. எதிரணி ஃபார்வர்டு குறுக்கே ஓடிவந்து கோல் போட்டுவிட்டார். 1-0 தோல்வி. அந்தப் பன்னிரண்டு விநாடி எல்லார் போனிலும் சுற்றியது. அப்புறம் ஏழு ஆட்டமாக பெஞ்ச்தான். இவனோடு சேர்ந்த ஃபார்வர்டு பையன் எத்தனையோ கோல்களைத் தவறவிட்டும் ஒன்பது ஆட்டத்தில் இறங்கிவிட்டான். இப்போது இவனைக் கீழ் டிவிஷன் அணி ஒன்றுக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, அனுப்பப் போகிறார்களாம். "கழற்றிவிடுகிறார்கள்" என்று அக்கா அழுகிறாள். அத்தானோ, சின்ன வயதில் ஃபார்வர்டு ஆடினவன்தானே, திரும்ப மாறிவிடலாமே என்கிறார். நான் என்ன சொல்லட்டும்? அந்த கிளிப்பை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அத்தானின் யோசனையை முடித்துவிடுவோம். வேண்டாம். முன்னால் ஆடியவர்கள் பின்னால் வந்து நிலைத்த கதைகள் நிறைய உண்டு. பின்னாலிருந்து முன்னால் போய் ஜெயித்தவர்கள் குறைவு. அத்தான் வேல்ஸ் நட்சத்திரம் கேரத் பேலைக் காட்டுவார், தெரியும். பேல் இடது ஓரத்தில் தடுக்கும் லெஃப்ட் பேக்காகத்தான் தொடங்கினார். 2007இல் டாட்டன்ஹாம் கிளப்புக்கு வந்த பிறகு, அவர் ஆடிய 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி ஜெயிக்கவில்லை, ராசியில்லாதவர் என்றே பேசினார்கள். ஆனால் அவர் ஓரத்தில் ஆடியவர், ஓரத்திலேயே மேலே ஏறிப் போனவர். நடுவில் நிற்கும் சென்டர் பேக்குக்கு அந்த வழி கிடையாது.

இனி அந்த ஃபார்வர்டு பையனின் ஒன்பது ஆட்டமும் இவனுடைய இரண்டும். இந்தக் கணக்கில் உங்கள் மருமகனின் திறமைக்குப் பங்கு மிகக் குறைவு. கோல் தேவைப்பட்டால் கோச் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு இளம் ஃபார்வர்டை இறக்கிப் பார்ப்பார். நஷ்டமில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தில் சென்டர் பேக்கை யாரும் மாற்ற மாட்டார்கள். பின்னால் நிற்கும் இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் ஏறினால் மற்றவர் எங்கே நிற்பார் என்பது பல மாதம் சேர்ந்து ஆடி வருகிற பழக்கம். ஒருவருக்குக் காயம்படவேண்டும், இல்லை சிவப்பு அட்டை விழவேண்டும், அப்போதுதான் மூன்றாமவனுக்கு வாய்ப்பு. அதாவது இளம் பேக் பெரும்பாலும் உள்ளே போவதே அணி சிக்கலில் இருக்கும் நேரத்தில். இத்தாலியின் புகழ்பெற்ற பேக் பாவோலோ மால்டினி மிலான் கிளப்புக்காக முதன்முதலில் இறங்கியது 1985 ஜனவரி 20ஆம் தேதி, உடினேசே அணிக்கு எதிராக. அப்போது வயது 16, இடைவேளைக்குப் பிறகு மாற்று வீரராக. அந்த சீசனில் அவர் ஆடிய ஒரே லீக் ஆட்டம் அதுதான். பிறகு 2009 வரை அதே கிளப்புக்காக 902 ஆட்டங்கள். மால்டினிக்கே முதல் சீசனில் ஒன்று. உங்கள் பையனுக்கு இரண்டு!

(எல்லாரும் மால்டினி ஆகிவிட முடியாது என்று அக்கா சொல்லலாம். சரிதான். எண்ணிக்கையை வைத்து அழவேண்டாம் என்பதற்காக மட்டும் சொன்னேன்.)

கிளிப்பை ஆறு முறை பார்த்தேன். நானும் கல்லூரி அணியில் மூன்று வருடம் பேக் ஆடியவன். வேகமில்லாததால் பின்னால் தள்ளப்பட்டவன் என்பதுதான் உண்மை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தவறு பாஸில் இல்லை. பந்து அவனிடம் வருவதற்கு முன் மூன்று விநாடி இருக்கிறது. அந்த மூன்று விநாடியில் அவன் ஒரு முறைகூடத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை வாங்கும்போது உடம்பு முழுக்கத் தன் கோல் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த நிலையில் அவனுக்கு இருந்த ஒரே வழி கீப்பர்தான், அந்த ஃபார்வர்டுக்கும் அது தெரிந்திருக்கிறது. பக்கவாட்டில் நின்று வாங்கியிருந்தால் முன்பக்கமும் ஒரு வழி திறந்திருக்கும், ஃபார்வர்டும் ஓடத் தயங்கியிருப்பார். இன்னொன்று, வலது ஓரத்தைக் காக்கவேண்டிய ரைட் பேக் மேலே போய்விட்டார், போவதைச் சத்தம் போட்டுச் சொன்னதாகவும் தெரியவில்லை. கிளிப் பார்ப்பவர்கள் அதையெல்லாம் கவனிப்பதில்லை. அவர்கள் கண் கடைசியில் பந்தைத் தொட்டவன் முகத்தில் நின்றுவிடும்.

இதெல்லாம் ஜூனியர் அணியில் ஏன் வெளியே தெரியவில்லை என்று கேட்பீர்கள். அங்கே இவன் வளர்த்தியாகவும் வேகமாகவும் இருந்திருப்பான். தப்பான இடத்தில் நின்றாலும் ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம். கால் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் தலை கற்றுக்கொள்ளாது. பெரியவர்கள் ஆட்டத்தில் முப்பது வயது ஃபார்வர்டு இவனை ஓட்டத்தில் ஜெயிக்கப் பார்க்க மாட்டார். பந்து வருவதற்கு ஒரு நொடி முன்னால் முதுகைச் சாய்த்து இடம் பிடித்துக்கொள்வார். நடுவர் பார்க்காத பக்கமாக ஜெர்சியைப் பிடிப்பார். ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் கிராஸ் வரும்போது இவன் தோளுக்குப் பின்னால் போய் நிற்பார், பந்தைப் பார்த்தால் ஆள் தெரியாது, ஆளைப் பார்த்தால் பந்து தெரியாது. இதைப் பயிற்சியில் சொல்லித் தரலாம், ஆனால் பயிற்சியில் தோற்றால் ஒன்றும் போகாது. கோல் விழுந்து, புள்ளி போய், டிரஸ்ஸிங் ரூமில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது ஏறுகிற பாடம் வேறு.

அப்புறம் வாய். எதிரணி ஃபார்வர்டை ஆஃப்சைடில், அதாவது விதிப்படி பந்து வாங்கக் கூடாத இடத்தில், மாட்டவைக்கப் பின் வரிசை ஒரே நேரத்தில் மேலே ஏறவேண்டும். ஒருவர் இரண்டு அடி பின்தங்கினாலும் எதிரணிக்காரர் எல்லாருக்கும் வழி திறந்துவிடும். ஆகவே யாராவது கத்தவேண்டும், பெரும்பாலும் நடுவில் நிற்கும் சென்டர் பேக். 19 வயதுப் பையன் 32 வயது மூத்தவரைப் பார்த்து "ஏறு, ஏறு!" என்று அதட்டவேண்டும். வளர்ப்பு நல்லதாக இருந்தால் இது கஷ்டம். நான் கடைசிவரை கத்தவில்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது லோன். அக்காவிடம் பிரான்ஸ் நாட்டு சென்டர் பேக் வில்லியம் சலிபாவின் கதையைச் சொல்லுங்கள். 2019இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் அவரை வாங்கியபோது வயது 18. வாங்கிய கையோடு பழைய கிளப்பான செயின்ட் எட்டியனுக்கே லோனில் அனுப்பினார்கள். பிறகு நீஸ், பிறகு மார்செய். மூன்று வருடம் ஆர்சனலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட இல்லை. கழற்றிவிட்டார்கள் என்றுதான் அப்போதும் பேச்சு. மார்செய்யில் ஆடிய 2021-22 சீசனில் பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது கிடைத்தது. 2022 ஆகஸ்டில் ஆர்சனலுக்காக முதல் லீக் ஆட்டம். இரண்டாவது ஆட்டத்தில், லெஸ்டருக்கு எதிராக, தலையால் முட்டித் தன் கோலுக்குள்ளேயே போட்டார். உள்ளூர்க் கூட்டம் திட்டவில்லை, அவர் பெயரைச் சொல்லிப் பாடியது. அடுத்த ஆட்டத்தில் போர்ன்மவுத்துக்கு எதிராக இடது காலால் வளைத்து ஒரு கோல் அடித்தார். உங்கள் மருமகனுக்கு அப்படி ஒரு கூட்டம் அமையவில்லை. அது அவன் தவறில்லை.

எல்லாருக்கும் இப்படி நேராகப் போய்விடாது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பெயினின் சென்டர் பேக் ஜெரார்டு பிக்கே 2007 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக போல்டன் அணியின் மைதானத்தில் ஆடியபோது, அவர் கோட்டைவிட்ட ஒரு பந்தில் எதிரணியின் அனெல்கா கோல் போட்டார். 1-0 தோல்வி, உங்கள் பையனுடைய அதே கணக்கு. தன்மேல் கோச் ஃபெர்குசனுக்கு இருந்த நம்பிக்கை அன்று போய்விட்டது என்று பிக்கேயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த சீசன் முடிந்ததும் பார்சலோனாவுக்குத் திரும்பினார். 2009 மே மாதம் ரோமில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரே அதே யுனைடெட். 2-0, பார்சலோனா. ஒரு கிளப்பில் கதவு மூடினால் ஆட்டமே மூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

இருபத்து நான்கு என்று நான் எழுதியதற்கும் ஒரு காரணம் மனதில் இருந்தது. சென்டர் பேக் விர்ஜில் வான் டைக் பதின்வயதில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆடியவர். நெதர்லாந்து அணிக்கு முதலில் ஆடியது 2015 அக்டோபரில், 24 வயதில். 2018 ஜனவரியில் லிவர்பூல் அவருக்குக் கொடுத்த விலை 7.5 கோடி பவுண்டு. அன்றைக்கு ஒரு பின்கள வீரருக்கு அதைவிட அதிகம் யாரும் கொடுத்ததில்லை.

ஆக, லோனுக்குப் போகட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகவேண்டாம். அந்த அணியின் கோச் இவனைக் கேட்டு வாங்குகிறாரா, அல்லது இரண்டு கிளப்பின் அலுவலகங்கள் பேசி முடித்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். கோச் கேட்காத பையன் அங்கேயும் பெஞ்சில்தான் உட்காருவான், அதற்கு இங்கேயே உட்காரலாம். அங்கே இவன் இடத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த அணி எப்படி ஆடுகிறது என்பதும் முக்கியம். கோல் முன்னால் இறங்கி நின்று தடுக்கும் அணி என்றால் தலையால் முட்டவும், தள்ளுமுள்ளுவும், கிராஸைக் கையாளவும் நன்றாகப் பழகுவான். ஆனால் இவனுடைய கிளப் பின் வரிசையை மைதானத்தின் பாதிவரை ஏற்றி ஆடுகிறது என்றால், திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் மறுபடி புதிதாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே போகட்டும். அரை சீசன் என்றால் யோசியுங்கள். முழு சீசன் கிடைத்தால் தயங்கவேண்டாம்.

எனக்குக் கவலை அந்தப் பாஸைப் பற்றி இல்லை. அதற்குப் பிறகு வரும் பயம்தான். அடி வாங்கிய இளம் பேக் பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிக்கத் தொடங்குவான். யாரும் திட்ட மாட்டார்கள், கிளிப்பும் வராது, ஆனால் இரண்டு வருடத்தில் அவனுக்குப் பந்தே கொடுக்காமல் மற்றவர்கள் ஆடப் பழகிவிடுவார்கள். இப்போது பயிற்சியில் கீப்பருக்குப் பாஸ் கொடுக்கிறானா, தவிர்க்கிறானா என்று அவனிடமே கேளுங்கள். அம்மாவிடம் சொல்லாததை மாமாவிடம் சொல்லுவான்.

முடிந்தால் அந்த ஆட்டத்தின் முழுப் பதிவையும் அனுப்புங்கள். மற்ற எண்பத்தொன்பது நிமிடத்தில், பந்து அவனிடம் இல்லாதபோது எங்கே நின்றான் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.