முசிறியும் ஒரு முடிச்சு மிளகும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கோவையிலிருந்து கேரளத்தில் பட்டணம் என்கிற ஊருக்குப் போய்வந்தேன். சங்ககாலத் துறைமுகமான முசிறியைப் பார்க்கப் போகிறேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லியிருந்தேன். போனால் தென்னந்தோப்பும் மண் மூடிய குழிகளும்தான். ஒரு துறைமுகச் சுவர்கூடவா மிஞ்சவில்லை? முசிறி உண்மையில் பட்டணமா, கொடுங்கல்லூரா? நம் சேரர் தலைநகரை மலையாளிகள் மறைக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது புறநானூற்றின் 343ஆம் பாட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் ‘மறைக்கிறார்கள்’ என்ற சொல்லிலேயே கடிதத்தை மடித்து வைத்திருப்பேன். மறைக்க நினைப்பவர்கள் 2007 முதல் வருடக்கணக்கில் தோண்டுவார்களா? அங்கே கிடைத்த ஓட்டில் தமிழ் பிராமியில் ‘அமண’ என்று எழுதியிருப்பதை ஊருக்குச் சொன்னவர்களும் அவர்கள்தாம். பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசிக் கிழவனானவன் நான். உங்கள் ‘நம்’ எந்தச் சோதனைச் சாவடியில் முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. சேரர் தலைநகர் வஞ்சி, முசிறி துறை. வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற சண்டைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

சுவருக்கு வருவோம். நீங்கள் சென்னைத் துறைமுகத்தை மனதில் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அந்த 343ஆம் பாட்டில் பரணர் முசிறியைப் பற்றி என்ன சொல்கிறார்?

கலந்தந்த பொற்பரிசம்
கழித்தோணியால் கரைசேர்க்குந்து

கப்பல் கொண்டுவந்த பொன் உப்பங்கழியில் ஓடும் தோணியில் ஏறித்தான் கரைக்கு வந்தது. அதே முசிறியைப் பற்றி ரோமாபுரி எழுத்தாளர் பிளினி சலித்துக்கொள்கிறார்: பக்கத்தில் கடற்கொள்ளையர், கப்பல் நிற்குமிடமோ கரைக்கு வெகுதூரம், சரக்கைச் சிறு தோணிகளில் ஏற்றி இறக்க வேண்டும். தமிழ்ப் புலவருக்குப் பெருமை, ரோமானியருக்குத் தொல்லை, தோணி ஒன்றுதான். பட்டணத்துச் சேற்றிலிருந்து அந்தத் தோணியே வெளியே வந்தது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளம், ஒரே அயினி மரத்தைக் குடைந்தது. பக்கத்தில் தோணி கட்டும் மரமுளைகள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா? சுவரைத் தேடிப் போனவருக்குத் தோணி எப்படிக் கண்ணில் படும்?

எல்லோருக்கும் யவனர் பொன்தான் வேண்டும். பரணரோ பொன்னுக்கு முன்னால் மீன் விற்று வாங்கிய நெல்லையும், வீடுகளில் குவிந்த ‘கறி மூடை’களையும் சொல்கிறார். கறி என்றால் மிளகு. குழம்பில் போடுகிற காய் அன்று. (மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது, மிளகின் பெயரையே திருடிக்கொண்டது.) வியன்னாவில் இருக்கும் பாப்பிரசில் (அக்காலத்து நாணல்தாள் ஆவணம்) முசிறிச் சரக்கு ஏற்றிய கப்பலின் பெயர்கூட இருக்கிறது, ஹெர்மப்போலன். மூட்டை தூக்கியவளின் பெயர் எந்தப் பாப்பிரசிலும் இல்லை.

எனக்கு ஒருத்தியைத் தெரியும். என் அம்மாயி. ஐந்து வயதில் எனக்கு அம்மை கண்டபோது கொடுங்கல்லூர் பகவதிக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் வறண்ட கிழக்குப் பக்கத்தில் மிளகுக்கொடி ஏது? சந்தையில் வாங்கி, வெயிலில் உலர்த்தி, சொத்தையைப் பொறுக்கி, மஞ்சளோடு முந்தானையில் முடிந்தாள். ரசத்துக்கு இரண்டு கேட்ட என் தாயாரை அவள் முறைத்த முறைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. பங்குனியில் அந்தக் கோயிலின் பரணித் திருவிழாக் கூட்டத்தோடு திருச்சூர் வழியாக பஸ்ஸில் போனோம். சிவப்புத் துணி, சிலம்பு, வாள், நெற்றியில் ரத்தம் வழியும் வெளிச்சப்பாடுகள் (சாமியாடிகள்). நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மை நோய்த் தெய்வமான வசூரிமாலையின் நடையில் முடிச்சை அவிழ்த்தபோது வியர்வையில் மஞ்சள் ஊறி, மிளகெல்லாம் மஞ்சளாகியிருந்தது. “அவ ஊர்ச் சரக்குதான், அவகிட்டயே கொண்டாந்துட்டேன்” என்றாள். அவளுக்கு முசிறி என்ற பெயர் தெரியாது. அவள் போன பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் அந்தக் காலத்துச் சரக்கும் கொங்குநாட்டுக்கும் கடற்கரைக்கும் போய்வந்தது; உங்கள் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்தது பின்னே எப்படி?

1341 வெள்ளம் முசிறியை விழுங்கியது என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். யவனர் வரவு ஓய்ந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த வெள்ளம் அது.

இன்னொன்று. 343 முசிறியைப் பாட எழுந்த பாட்டே அன்று. அந்த முசிறியையே கொட்டிக் கொடுத்தாலும் தகுதியில்லாதவனுக்கு இவள் வாழ்க்கைப்படமாட்டாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிற பாட்டு. அவ்வளவு பெரிய ஊர் ஓர் உவமையாக வந்து போகிறது.

பட்டணமா கொடுங்கல்லூரா என்று கேட்டிருந்தீர்கள். பட்டணம் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது, அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் இடையில் சில கிலோமீட்டர்தான், தம்பி. அடுத்த முறை காரில் போகாதீர்கள். கோட்டப்புறத்தில் படகு ஏறி, கழி வழியாகப் போய்ப் பாருங்கள்.