மூக்கில் ரத்தம் வடிகிறது, ஆனால் ரத்தம் கெட்டி என்கிறார்களே?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. சில மாதங்களாகச் சோர்வு, தலைவலி, அடிக்கடி மூக்கில் ரத்தம். இப்போது பார்வையும் மங்குகிறது. வால்டன்ஸ்ட்ராம் நோய், அதாவது ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். ஐஜிஎம் 5,800 மி.கி., ஹீமோகுளோபின் 7.9. ரத்தம் கெட்டியாக இருப்பதால் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) மாற்ற வேண்டுமாம். ஆஸ்பிரின் கொடுத்தால் போதாதா? ரத்தம் ஏற்றினால் சோர்வாவது போகாதா?

பதில்: இரண்டுக்கும் இப்போது அவசரப்படாதீர்கள். ரத்தம் உறைவது வேறு, குழகுழப்பு (பாகுத்தன்மை) கூடுவது வேறு. ஆஸ்பிரின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் மருந்து. அப்பாவுக்கோ ஐஜிஎம் புரதம் தட்டணுக்கள் மேல் படிந்து, அவை ஏற்கெனவே சரியாக ஒட்டுவதில்லை. ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தம் இன்னும் வடியும். இதயத்துக்காக முன்பே சாப்பிட்டு வந்தால், நிறுத்துவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். 1944இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ராம் இந்நோயை முதலில் விவரித்த இரண்டு நோயாளிகளுக்கும் மூக்கிலும் வாயிலும் ரத்தம் வடிந்தது.

ஐஜிஎம் என்பது ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. பெரும்பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அளவு ஏற ஏற, நுண்குழாய்களில் ரத்தம் பாகு மாதிரி மெதுவாக நகரும். முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கண்ணும் மூளையும்தான்.

ஆனால் குழாய்க்குள்ளேயே தங்குவதில் ஒரு வசதியும் உண்டு: பிளாஸ்மாவை எடுத்துவிட்டால் புரதமும் கூடவே வெளியேறும். டயாலிசிஸ் போலவே ரத்தத்தை வெளியே எடுத்து, பிளாஸ்மாவை மட்டும் பிரித்து, பதிலுக்கு ஆல்புமின் கலந்த திரவம் கொடுப்பார்கள். ஐஜிஎம் ஓரளவு இறங்கினாலே குழகுழப்பு அதைவிட வேகமாக இறங்கும். முதல் தடவையிலேயே தலைவலி குறைவதுண்டு.

ஹீமோகுளோபின் 7.9 என்பது பயமுறுத்தும், சரிதான். ஆனால் இந்த நோயில் பிளாஸ்மாவின் அளவே கூடிவிடுவதால், எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். இந்த நிலையில் சிவப்பணுக்களையும் ஏற்றினால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். தேவைப்பட்டால் பிளாஸ்மா மாற்றியபின் மெதுவாக ஏற்றுவார்கள்.

இன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். சிரைகள் வீங்கி, இடையிடையே இறுகி, பக்கத்தில் ரத்தத் திட்டுகள் இருந்தால் பிளாஸ்மா மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. குழகுழப்பை அளக்கும் விஸ்காசிட்டி பரிசோதனை எல்லா லேப்பிலும் கிடைக்காது, அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அப்புறம், இது தற்காலிக நிவாரணம்தான். எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்கள் திரும்பவும் ஐஜிஎம்மைச் சுரக்கும், அதற்குத் தனி மருந்து வேண்டும். அதற்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுப்பதாக இருந்தால், ‘ஆரம்பத்தில் ஐஜிஎம் ஏறுமா, முதலில் அதைக் குறைத்துவிட்டுத் தொடங்கலாமா?’ என்று ரத்தநோய் நிபுணரிடம் கேளுங்கள். ஐஜிஎம் 4,000 மி.கி.க்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதற்கிடையே பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, தூங்கி வழிந்தாலோ, பார்வை திடீரென்று போனாலோ, எந்த நேரமானாலும் பிளாஸ்மா மாற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.