அடித்தால்தான் நாய்க்குட்டி அடங்குமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வந்துள்ள இராஜபாளையம் ஆண் குட்டிக்கு இப்போது 11 வாரம் ஆகிறது. குழந்தைகளின் கைகளையும் என் சேலைத் தலைப்பையும் விடாமல் கவ்விக் கடிக்கிறது. கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. அடித்து வளர்த்தால்தான் அடங்கும் என்றும், இப்போதே சங்கிலியில் கட்டி, வெளியாட்கள் முகமே தெரியாமல் வளர்த்தால்தான் நல்ல காவல் நாயாகும் என்றும் மாமனார் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, சிவகாசி

பதில்: சங்கிலியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், ஏனெனில் அதற்குத்தான் காலம் குறைவாக இருக்கிறது. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை பார்க்கும் மனிதர்களையும் கேட்கும் ஓசைகளையும்தான் ஒரு குட்டி 'இவை ஆபத்தில்லாதவை' என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. அந்த நாட்களைச் சங்கிலியில் கழித்த நாய் வளர்ந்த பின் பயத்தால் கடிக்கும்; தபால்காரருக்கும் திருடனுக்கும் வேறுபாடு அறியாத அந்த நாயை நல்ல காவல் நாய் என்று சொல்ல முடியாது. இராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரிடம் எளிதில் ஒட்டாத இனமாதலால், காவல் உணர்வு வளர வளரத் தானாகவே வந்துவிடும் என்று மாமனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

எனவே இனி வரும் நாட்களில் குடை பிடித்தவர், தலைக்கவசம் அணிந்தவர், முதியவர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரையும் அது பார்க்கட்டும். தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் தொற்றும் ஆபத்து இருப்பதால், தெருவில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிச் சென்று காட்டுங்கள். உங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்குப் பழக்குவதும் மிக அவசியம். பட்டாசுச் சத்தத்தைக் கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் ஒலிக்கவிட்டு, அப்போது உணவு கொடுங்கள்; குட்டி மிரளாமல் உண்டால் மட்டும், நாளடைவில் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டுங்கள்.

கடிப்பதற்காக அடிக்க வேண்டாம். அடி வாங்கிய குட்டி கடியை மறப்பதில்லை. ஓங்கும் கையைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்கிறது. ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை இனம் என்பதால், வெடுக்கென்று இழுக்கும் கையும் அலறி ஓடும் குழந்தையும் அதற்கு இரையாகவே தோன்றும். பல் பட்டவுடன் கையை அசைக்காமல் நிறுத்துங்கள். பிடி தளர்ந்ததும் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று நேரம் பேசாதிருங்கள்; பிறகு, முறுக்கி முடிச்சிட்ட பழைய துண்டைக் கடிக்கக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இப்படியே நடந்தால், 'கடித்தால் விளையாட்டு நின்றுபோகும்' என்பது அதற்குப் புரிந்துவிடும். நான்காம் மாதத்திலிருந்து பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைப்பதால், ஈறு அரிக்கும் அந்தக் காலத்தில் கடி சற்றுக் கூடலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

சிறுநீர் விஷயம் எளிது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும், மற்ற நேரங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கழித்த அந்த நொடியிலேயே, அங்கேயே பாராட்டித் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றே அது நினைக்கும். கூடத்தில் கழித்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பது கொடுமை, பயனும் இல்லை.

ஒருவர் 'உட்கார்' என்றும் மற்றொருவர் 'சிட்' என்றும் சொல்லாமல், வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அப்படியும் அது திரும்பிப் பார்க்கவில்லை என்றால், பிடிவாதம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெண்ணிற இராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அது தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காது அசையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத நாயையும் கைச் சைகைகளால் நன்றாகப் பழக்கலாம்.

இறுதியாக ஒன்று. மூன்றாம் மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். விளையாட்டாகவே கடித்திருந்தாலும், குழந்தையின் தோலில் பல் பதிந்து கீறலோ இரத்தமோ தெரிந்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.