மட்டிக் குழம்பும் மரத்துப்போன உதடும்

கேள்வி: அதிராம்பட்டினத்தில் வசிக்கும் எனக்கு வயது 54, சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதம் கழிமுகத்தில் எடுத்த மட்டியைக் குழம்பு வைத்து உண்ட முக்கால் மணி நேரத்தில் எனக்கும் மனைவிக்கும் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போயின. மறுநாள் சரியாயிற்று. கடல்பாசி நஞ்சு என்கிறார்கள். நரம்பு கெட்டிருக்குமா? மஞ்சளும் புளியும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டால் போதாதா?

பதில்: சர்க்கரை நோயின் மரப்பு பெரும்பாலும் பாதங்களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலேறுவது, ஒரே சட்டியில் உண்ட இருவருக்கும் ஒருசேர உதட்டில் தொடங்கி மறுநாளே விலகுவது அதன் இயல்பன்று. அன்றே பரிசோதிக்காததால் உறுதி கூற இயலாது எனினும், நீங்கள் விவரிப்பவை சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சின் அறிகுறிகளோடு பொருந்துகின்றன. நோன்பு திறக்கையில் உண்ணும் கடல்பாசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணுக்குத் தெரியாத சில நுண்பாசிகள் இதை உண்டாக்க, நீரை வடிகட்டி இரை தேடும் மட்டியின் உடலில் அது சேர்ந்துவிடுகிறது.

நரம்புச் செல்லின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் வழியே சோடியம் உட்புகும்போதுதான் செய்தி நரம்பில் நகர்கிறது. சாக்ஸிடாக்ஸின் அந்த வாயிலை வெளிப்புறமிருந்து அடைத்துக்கொள்கிறது. மதகில் கட்டை சிக்கினால் மதகும் உடைவதில்லை, வாய்க்காலும் தூர்வதில்லை, தண்ணீர் மட்டும் நின்றுவிடுகிறது அல்லவா, அதுபோலத்தான். நஞ்சு சிறுநீரில் வெளியேறியதும் வாயில் திறந்துகொள்ளும். ஆகவே நரம்பு கெட்டிருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். செல்லையே சாகடிக்கும் பாசி நஞ்சும் உண்டு: 1987-இல் கனடாவில் சிப்பி உண்ட சிலரின் நினைவாற்றலைக் குலைத்த டோமோயிக் அமிலம், மூளைச் செல்களை ஓயாமல் தூண்டியே அழித்தது. உங்கள் அறிகுறிகள் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல.

நான் அஞ்சுவது வேறொன்றை. அளவு மிகும்போது மூச்சுத் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளும் அடைபட்டு, சில மணி நேரத்தில் மூச்சு நின்றுவிடக்கூடும். 1981-இல் தமிழகக் கடலோரத்தில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 3 பேர் இறந்தனர். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 7 பேர் இறந்தனர். இதற்கு மாற்று மருந்து இல்லை. நஞ்சு வெளியேறும்வரை வென்டிலேட்டர் உதவியால் மூச்சைக் காப்பதே சிகிச்சை.

கொதிக்கவைப்பதால் இந்நஞ்சு அழியாது. மஞ்சளும் புளியும் அதை முறிக்கா. நீரில் கரைவதால் குழம்புச் சாற்றிலும் இறங்கிவிடும். தெளிந்த நீரில் எடுத்தது என்பதையும் நம்பாதீர்கள்; கடல் நிறம் மாறாதபோதும் மட்டியில் நஞ்சு இருக்கலாம்.

பாதங்களின் உணர்வைத் தனியாக ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மட்டி உண்டபின் மீண்டும் உதடு மரத்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, வென்டிலேட்டர் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிச்சக் குழம்பைக் கொட்டிவிடாமல் மூடி உடன் எடுத்துச் செல்லுங்கள்.