பதில் மாறியது ஊராலா, கேள்வி வரிசையாலா?

தங்கச்சிமடத்தில் பெரும்பாலான மீனவர்கள் ‘தொழில் மோசம்’ என்கிறார்கள், பாம்பனிலோ ‘பரவாயில்லை’ என்கிறார்கள், பக்கத்து ஊர்களுக்குள் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கும் இரண்டு ஊர்க் கருத்துக்கணிப்புப் படிவங்களையும் பார்த்தேன். கேள்வி வரிசையே வேறு வேறாக இருக்கிறதே!

தங்கச்சிமடத்துப் படிவத்தில் முதலில் இலங்கைக் கடற்படை படகு பிடிப்பது, அப்புறம் டீசல் விலை, அப்புறம் கடன். இதையெல்லாம் சொல்லி முடித்த மனுஷனிடம் ‘மொத்தத்தில் தொழில் எப்படி?’ என்றால் வேறென்ன சொல்வார்? பாம்பனில் அந்தப் பொதுக் கேள்விதான் முதலில்.

இது புதிதல்ல. 1948ல் அமெரிக்காவில், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை உள்ளே விடலாமா என்று எடுத்த எடுப்பில் கேட்டபோது 36 சதவீதம் பேர் சரி என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அதைக் கேட்டபோது 73 சதவீதம். தனக்கொரு நியாயம், அடுத்தவனுக்கொரு நியாயம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராதில்லையா!

மண்டபம் ஊரில் கணிப்பை இன்னும் தொடங்கவில்லை என்றீர்கள். அங்கே பாதிப் பேருக்கு ஒரு வரிசை, பாதிப் பேருக்கு மற்றது. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், ஆளைப் பார்த்து அல்ல. வரிசை பதிலை எவ்வளவு இழுக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். கையில் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தப் பொதுக் கேள்வியை மட்டும் ஊர் ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

தேதியையும் பாருங்கள். ஒரு ஊரை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்திலும் இன்னொன்றை அதற்குப் பிறகும் கேட்டிருந்தால் அது தனிச் சிக்கல்.