முடக்குவாதத்துக்குச் சீன மூலிகை லெய் கோங் தெங் உதவுமா?

உதவும். ஆனால் அது விஷமும்கூட. லெய் கோங் தெங் தென் சீனத்தில் வளரும் கொடி. மருந்துக்கு எடுப்பது தோல் சீவிய வேரைத்தான். இலை, பூ, வேர்த்தோலைச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.

முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டைத் தாக்குகிறது. இந்த வேரிலுள்ள ட்ரிப்டோலைடு என்ற வேதிப்பொருள் அந்த எதிர்ப்பை அடக்குவதால் வீக்கமும் வலியும் குறைகின்றன. (தேய்மான முழங்கால் வலி வேறு கதை, அதற்கு இதைத் தேடிப் போகாதீர்கள்.)

2014இல் வெளியான சீன ஆய்வில் 207 நோயாளிகள். 24 வாரங்களில் நோய் பாதியளவாவது குறைந்தவர்கள் மெத்தோட்ரெக்சேட் (முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மருந்து) குழுவில் சுமார் 46%, மூலிகைச் சாறு மாத்திரை குழுவில் 55%, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 77%. சாதாரணமான முடிவல்ல.

சரி, எல்லோருக்கும் கொடுக்கலாமே? முடியாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். ஆண்களுக்கு விந்தணு குறையும். சீனாவில் ஆண் கருத்தடைக்கே இதை ஆராய்ந்தார்கள்! கல்லீரல், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எனவே கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. மற்றவர்களும் மூட்டுவாத மருத்துவர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையோடு மட்டும். ‘மூலிகைதானே’ என்று ஆன்லைனில் பொடி வாங்கினால், அதில் வேர்த்தோல் கலந்திருக்கிறதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.